மான் நம்மைப் பார்க்காத படம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பேசுகிற பழக்கம் ஓய்வு பெற்றும் எனக்குப் போகவில்லை.

கோடை விடுமுறை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மான் படங்களாகவே வந்துகொண்டிருக்கின்றன. ஊட்டிக்குப் போகிறவர்கள் அப்படியே முதுமலைப் பக்கமும் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறார்கள். போன வாரம் என் தங்கை மகன் இரண்டு படம் போட்டிருந்தான். ஒன்றில் காரின் கண்ணாடியை இறக்கி அவன் மகள் பிஸ்கட் நீட்டுகிறாள், ஒரு புள்ளிமான் அதை வாங்கித் தின்கிறது. இன்னொன்றில் ஒரு பெண்மான், காது இரண்டையும் விரித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறது. குழுவில் எல்லோரும் ஹார்ட் போட்டார்கள். நான் போடவில்லை. “ஏன் மாமா, படம் நல்லா இல்லையா?” என்று போன் செய்து கேட்டான். “படம் நல்லாத்தான் இருக்குது மாப்பிள்ளை, அந்த மானுக்குத்தான் நல்லா இல்லை” என்றேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதை, அவன் சம்மதத்தோடு, இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஏனென்றால் இந்த இரண்டு வகைப் படத்தையும் என் மாணவர்கள் பலரும் போடுகிறீர்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் காட்டைக் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். காட்டுக்குப் போய் எடுக்க வேண்டிய படம், மான் நம்மைப் பார்க்காத படம். அது தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டோ, குட்டியை நக்கிக்கொண்டோ, நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டோ இருக்கும்போது எடுத்தால் அது காட்டு மானின் படம். நம்மைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் மானை எடுத்தால், அது நம்மால் கலைந்துபோன மானின் படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால் மற்ற விதிகளெல்லாம் தானாக வந்துவிடும்.

இதில் நம் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. பெண்ணின் கண்ணை மான்விழி என்கிறோம். ‘மருண்ட பார்வை’ என்று எத்தனை கதையில் படித்திருக்கிறோம், எத்தனை பாட்டில் கேட்டிருக்கிறோம்! மருட்சி என்றால் என்ன? மிரட்சி. பயம். அகன்ற கண், விறைத்த காது, அசையாத உடம்பு என்று நாம் அழகாக ரசித்துவந்தது பயந்த ஒரு பிராணியின் நிலையை. உவமையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். காட்டில் நம் கண்ணெதிரே நிற்கும் மானிடம் அந்தப் பார்வையை வரவழைப்பதற்காக ஹாரன் அடிப்பதும், கை தட்டுவதும், ‘உஷ் உஷ்’ என்று கூப்பிடுவதும், சிறு கல் எறிவதும் நடக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

புள்ளிமான் பேசாது, ஆனால் உடம்பால் தெளிவாகச் சொல்லிவிடும். கவலையில்லாமல் மேயும் மானின் தலை தாழ்ந்திருக்கும். வால் ஈயோட்டிக்கொண்டிருக்கும். காதுகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். நம்மை உணர்ந்ததும் முதலில் மெல்லுவதை நிறுத்தும். அடுத்து தலை உயரும், இரண்டு காதும் நம் பக்கமே திரும்பும். அதற்கடுத்து உடம்பு விறைக்கும், முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டும். பிறகு வால் தூக்கி அடிப்பக்க வெள்ளையைக் காட்டும், கீச்சென்று ஒரு எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். அப்புறம் மந்தையே ஓட்டம்தான். மொத்தம் ஐந்து படி. நம் செல்போனில் இருக்கும் ‘அழகான’ மான் படங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இரண்டாவது, மூன்றாவது படியில் எடுத்தவையாக இருக்கும்.

‘ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தால் மானுக்கு என்ன நஷ்டம் சார்?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கணக்காகப் பார்ப்போம். விடுமுறை நாளில் ஒரு சாலையோர மந்தையின் அருகே நூறு வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். முந்நூறு நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். நமக்கு அது ஒரு வண்டி, ஒரு நிறுத்தம். மானுக்கு அது பகல் பொழுதில் பாதி.

மான், மாட்டைப் போல அசைபோடும் பிராணி. கிடைத்த புல்லை வேகமாக வயிற்றில் சேர்த்துக்கொண்டு, பத்திரமான இடம் பார்த்துப் படுத்து, அதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். இந்த இரண்டு வேலைக்கும் அமைதி வேண்டும். நாம் விடுமுறைக்குப் போகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதுமலையின் இலையுதிர் காட்டில் புல் காய்ந்து, குட்டை வற்றிக் கிடக்கும். அதற்கு வருஷத்திலேயே சிரமமான காலத்தில்தான் நம் கூட்டமும் அதிகம். இருக்கிற ஒரு நீர்நிலைக்கு எதிரே நாம் வரிசையாக வண்டியை நிறுத்திக்கொண்டால், தண்ணீர் குடிக்க வந்தது குடிக்காமலே திரும்பும்.

இன்னொன்றும் உண்டு. முதுமலை புலிகள் காப்பகம். புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் புள்ளிமான்தான் முக்கியமான இரை. மந்தையாக மேய்வதே, ஒன்று குனிந்திருக்கும்போது மற்றொன்று பார்த்துக்கொள்ளும் என்பதற்காகத்தான். மரத்தின் மேலே இருக்கும் சாம்பல் மந்திகளோடுகூட அதற்கு ஓர் உடன்பாடு மாதிரி இருக்கிறது. மந்தி உதிர்க்கும் இலையையும் காயையும் மான் தின்னும். உயரத்திலிருந்து மந்தி புலியைப் பார்த்துக் கத்தினால் மான் உஷாராகும், மான் கத்தினால் மந்தி உஷாராகும். இப்படிப் பழகிய காவல் முறையில், மந்தையின் எல்லாக் கண்ணும் காதும் நம் கார் பக்கம் திரும்பியிருந்தால், பின்னால் புதரில் வரும் செந்நாயை யார் பார்ப்பது?

இனி பிஸ்கட் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் உறவினர்களோடு எனக்கு வாக்குவாதம் அதிகம். “வாயில்லாத ஜீவனுக்கு ஒரு வாய் கொடுப்பது புண்ணியம்தானே அண்ணா?” என்று என் தங்கையே கேட்டாள். பசித்த உயிருக்குச் சோறு போடுவது நம் மண்ணின் பெரிய அறம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் யாருக்கு எது உணவு என்று பார்த்துப் போடுவதும் அந்த அறத்துக்குள் அடங்கியதுதான்.

நம் குடும்பத்தில் மாடு வளர்க்காத வீடு இரண்டு தலைமுறைக்கு முன் கிடையாது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை ஒரு மாடு அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். வயிறு உப்பி, தீவனம் எடுக்காமல், கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ஓட வேண்டிவரும். சில மாடு பிழைக்காது. காரணம் எளிது. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் புல்லையும் இலையையும் மெதுவாகச் செரிக்கிற நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மாவும் சர்க்கரையும் திடீரென்று நிறைய உள்ளே போனால் அது வேகமாகப் புளித்து, அமிலம் ஏறி, அந்த நல்ல நுண்ணுயிரிகளே செத்துப்போகும். மாட்டுக்காவது நாம் இருக்கிறோம். காட்டு மானுக்கு எந்த மருத்துவர் வருவார்?

பிஸ்கட்டோடு கவரும் போகிறது. உப்பு ஒட்டிய சிப்ஸ் கவரை மான் நக்கி, மென்று, விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேயும் போகாமல் வயிற்றிலேயே சேரும். ஜப்பானில் வேலை செய்யும் என் மாணவர்கள் சிலர், “சார், இங்கே நாராவில் மானுக்குத் தீனி கொடுப்பதற்கென்றே பிஸ்கட் விற்கிறார்கள், மான் தலை குனிந்து வணக்கம் வைக்கிறது” என்று வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அந்த மான்கள் பல நூற்றாண்டுகளாகக் கோயிலைச் சுற்றி மனிதரோடு பழகியவை. 1957 முதல் தேசிய இயற்கைச் சின்னமாகப் பாதுகாக்கப்படுபவை. அங்கே விற்கும் பிஸ்கட்டும் தவிடும் மாவும் சேர்த்து, சர்க்கரை இல்லாமல் செய்தது. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும், 2019-ல் சில மாதங்களுக்குள் அங்கே இறந்த 14 மான்களில் 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒன்றின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோ. பயணிகள் விட்டுப்போன பைகளும் உறைகளும்தான். ஒழுங்குக்குப் பெயர் போன ஜப்பானிலேயே இப்படி என்றால், நம் சாலையோர மானின் வயிற்றை நினைத்துப் பாருங்கள்.

தீனியால் வரும் மூன்றாவது கெடுதல் கண்ணுக்கு உடனே தெரியாது. கார் என்றால் தீனி என்று ஒரு மான் கற்றுக்கொண்டால், அது காரைக் கண்டு விலகாது, காரை நோக்கி வரும். அடுத்து வரும் லாரிக்காரருக்கு அது தெரியாது. காட்டுச் சாலையில் விலங்குகள் அடிபடுவதைக் குறைக்கத்தான் பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இரவில் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றும் மானைப் பகலில் நாம் பிஸ்கட் காட்டிச் சாலைக்குக் கூப்பிடுகிறோம்.

குட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மான் குட்டிக்குத் தமிழில் மறி என்று பெயர். தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்களில் அது வருகிறது. புள்ளிமான் ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரு மறிதான் போடும். பிறந்த புதிதில் அதற்குத் தாயோடு ஓடும் பலம் இருக்காது. அதனால் தாய் அதைப் புல்லிலோ புதரிலோ படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும். அவ்வப்போது வந்து பால் கொடுக்கும். மறி அசையாமல் கிடக்கும், உடம்பிலுள்ள புள்ளிகள் இலைநிழலோடு கலந்துவிடும். இது ஆதரவற்ற குட்டி கிடையாது. தாய் ஒளித்துவைத்த குட்டி. இதைக் கண்டு, “ஐயோ பாவம், தாயைத் தொலைத்துவிட்டது” என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மடியில் வைத்துச் செல்ஃபி, புட்டியில் பசும்பால் வேறு. அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்தக் குட்டி திரும்பக் காட்டு மானாக வாழ்வது மிகவும் கஷ்டம். தனியாகக் கிடக்கும் மறியைக் கண்டால் தொடாதீர்கள், கிட்டே நிற்காதீர்கள். நீங்கள் நிற்கும்வரை தாய் வராது. அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பெரிய மானைத் துரத்துவதும், வழி மறிப்பதும், வேலியோரம் ஒதுக்கி நிறுத்திப் படம் எடுப்பதும் அதைவிட மோசம். மான் சாதிக்கு ஒரு பலவீனம் உண்டு. கடுமையாகத் துரத்தப்பட்டாலோ பிடிபட்டாலோ, அந்தப் பதற்றத்திலும் ஓட்டத்திலும் தசைகளே சிதைந்துபோகும். உடம்பில் காயமே இருக்காது. ஆனால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துவிடும். துரத்தியவர் அப்போது ஊட்டியில் சாக்லேட் வாங்கிக்கொண்டிருப்பார். தன்னால் ஓர் உயிர் போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது, எப்படித்தான் படம் எடுப்பது? என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

ஒன்று, தூரம். புலிகள் காப்பகங்களுக்காகத் தேசியப் புலிகள் காப்பு ஆணையம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி எந்த விலங்கிடமிருந்தும் குறைந்தது 20 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம் பள்ளி வகுப்பறை மூன்றை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். அதுவும் குறைந்தபட்சம்தான். 20 மீட்டரிலேயே மான் மெல்லுவதை நிறுத்தினால், அந்த மானுக்கு 20 போதவில்லை என்று பொருள். பின்வாங்குங்கள். அளவுகோல் மானின் வாய்தான்.

இரண்டு, வண்டி. காப்பகத்தின் வழியே போகும் சாலையில் இறங்குவதும், நிறுத்தி நிற்பதும் கூடாது. பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஆற அமரப் பார்க்க ஆசையாக இருந்தால் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை அழைத்துப்போகும் சவாரிக்குச் சீட்டு வாங்குங்கள். வண்டியே உங்களுக்கு மறைவிடம். அசையாத வண்டியை மான் சீக்கிரம் மறந்துவிடும். வண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இரண்டு கால் மனிதனை மறக்காது.

மூன்று, சத்தமும் அசைவும். மான்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. ஆனால் சின்ன அசைவும் தப்பாது. மூக்கும் காதும் அதைவிடக் கூர்மை. செல்போனில் கேமராச் சத்தத்தை நிறுத்திவையுங்கள். பாட்டு வேண்டாம். சென்ட் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்ட வேண்டாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இரவில் விளக்கடித்து விலங்கு காட்டுகிறோம் என்று யாராவது தனியாக அழைத்தால் போகாதீர்கள். அது சட்டவிரோதம். கடமான் போன்றவை இரை தேடும் நேரத்தில் அவற்றின் கண்ணைக் கூசவைக்கும் வேலை.

நான்கு, ஜூம். நல்ல லென்ஸ் வைத்திருப்பவர்கள் 300, 400 மில்லிமீட்டரில் தூரத்திலிருந்தே எடுக்கலாம். “எங்களிடம் செல்போன்தானே சார் இருக்கிறது” என்பவர்களுக்கு ஒரு யோசனை. மான் சின்னதாகவே இருக்கட்டும், காடு பெரிதாக இருக்கட்டும். காலை வெயில், மூங்கில் புதர், தேக்கிலை, பின்னால் மலை, நடுவே ஏழெட்டு மான்கள் மேய்கின்றன. முகத்தை மட்டும் பெரிதாக எடுத்த படத்தை எந்த மிருகக்காட்சி சாலையிலும் எடுத்துவிடலாம். மானோடு அதன் வீட்டையும் எடுக்க முதுமலைக்குத்தான் போக வேண்டும்.

ஐந்து, கொம்பு. புள்ளிமான், கடமான் இரண்டிலும் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. அது விழுந்து மறுபடி முளைக்கும். முளைக்கும்போது வெல்வெட் போன்ற தோல் மூடி, உள்ளே ரத்தம் ஓடும். அடிபட்டால் ரத்தம் வரும். அந்தப் பருவத்தில் கலைமான்களைப் புதருக்குள் விரட்டாமல் இருப்பது இன்னும் முக்கியம். கீழே விழுந்த கொம்பைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். ‘தானாக விழுந்ததுதானே’ என்று வீட்டுக்கு எடுத்து வந்தாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரணாலயத்தில் எந்த விலங்கையும் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். ஆனால் சட்டம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எல்லோரும் முதுமலை வரை போக வேண்டும் என்பதும் இல்லை. சென்னைக்காரர்களுக்கு ஊருக்கு நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. வேதாரண்யம் பக்கத்து மாணவர்களுக்குக் கோடியக்கரை. வெளிமானுக்காகவே 1967-ல் சரணாலயமானது. தூத்துக்குடி, நெல்லைக்காரர்களுக்கு வல்லநாடு. உயிரியல் வாத்தியாராக ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். வெளிமான் உண்மையில் மான் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. ஆடு, மாடு குடும்பத்துக்கு நெருங்கியது. அதன் முறுக்குக் கொம்பு விழாது. குடும்பம் எதுவானாலும் மரியாதை ஒன்றுதான். கோடியக்கரை போன்ற திறந்த புல்வெளியில் நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும். அங்கே இன்னும் தள்ளி நின்று பழக வேண்டும்.

ஜீப் ஓட்டுநர்களைப் பற்றிச் சிலர் குறை சொல்கிறீர்கள், கிட்டே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று. யாருக்காக நிறுத்துகிறார்? “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கண்ணா” என்று பின்னாலிருந்து கேட்பது நாம்தான். கிட்டே போனால் கூடுதல் காசு, போகாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது என்று இருந்தால் அவர் என்ன செய்வார்? அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, மானைத் தொந்தரவு செய்யாமல் தூரத்திலிருந்து காட்டினால் போதும், எங்களுக்கு அவசரமில்லை.” இறங்கும்போது அதற்காகவே கையில் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். காட்டில் பிறந்து வளர்ந்த அவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். தெரிந்ததைச் செய்ய அவருக்கு நாம் இடம் கொடுத்தால் போதும்.

இப்படியெல்லாம் பார்த்துப் படமெடுத்தால் சுவாரஸ்யமாகவா இருக்கும் என்று இளையவர்கள் நினைக்கலாம். மா. கிருஷ்ணன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1912-ல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தி ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். நம் காடுகளில் அலைந்து அவர் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்றைய செல்போனில் இருக்கும் வசதியில் ஒரு பங்குகூட அவரிடம் கிடையாது. அவரிடம் இருந்தது நேரமும் பொறுமையும். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று அவருடைய தமிழ்க் கட்டுரைத் தொகுப்பு இருக்கிறது. வாங்கிப் படியுங்கள்.

அவருக்கும் மிக முன்னால் ஐந்திணை ஐம்பது எழுதிய மாறன் பொறையனாரை எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட பாலையில் ஒரு சின்னச் சுனை. இருக்கிற கொஞ்சம் நீர் இரண்டுக்கும் போதாது என்று, ஆண்மான் குடிப்பதுபோல் பாவனை செய்து பெண்மானைக் குடிக்கவிட்டது என்று ஒரு பாட்டில் சொல்கிறார். ஆண்மானின் மனசில் அப்படி ஒன்று இருந்ததா என்று அறிவியல் ஆசிரியனாக நான் சான்று தர முடியாது. ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் வேறொன்று பிடிக்கும். சுனைக்கரையில் இரண்டு மானும் ஒன்றோடொன்று மட்டுமே சம்பந்தப்பட்டிருக்கின்றன. பார்க்கிற மனிதனை அவை பொருட்படுத்தவே இல்லை. அப்படி ஒரு காட்சி, ஹாரன் அடிக்கிறவனுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, விருப்பக் குறி. மான் வெறித்துப் பார்க்கும் படத்துக்கும், தீனி கொடுக்கும் படத்துக்கும் இனி யாரும் ஹார்ட் போடாதீர்கள். திட்டவும் வேண்டாம். குழுவில் எல்லோர் முன்னும் யாரையும் தலைகுனியவைக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு அன்பாகச் சொல்லுங்கள். நம் கைதட்டலுக்காகத்தான் பாதிப் படம் எடுக்கப்படுகிறது. கைதட்டலை இடம் மாற்றினால் கேமராவும் இடம் மாறும். மான் தன் பாட்டுக்கு மேயும் படம் வந்தால், அது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் தாராளமாகப் பாராட்டுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கான வீட்டுப்பாடம். வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிப்பாரா? அடுத்த முறை மானைப் பார்த்ததும் முதல் பத்து நிமிடம் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். மந்தையில் எத்தனை மான், எத்தனை கொம்புள்ளவை? எந்தக் காது எந்தப் பக்கம் திரும்புகிறது? எது முதலில் நிமிர்ந்தது, எதனால்? வீடு திரும்பியதும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பழையபடி சிவப்பு மையில் திருத்தி, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பத்து நிமிடமும் மந்தை தலை நிமிராமல் மேய்ந்தது என்று எழுதியிருக்கும் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, மோர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் ஆசிரியர்